கழிவு செய்யப்பட்ட கணினிகளில் நடந்த தேர்வு

'கல்லூரிக் கணினிகளில் எந்த இயங்குதளத்தையும் நிறுவவோ, மாற்றவோ, நீக்கவோ தலைமை அலுவலகத்தின் முன் அனுமதியை எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும்.' எங்கள் அறக்கட்டளையின் நிர்வாகக் கையேட்டில் உள்ள விதி இது. விதிவிலக்கு எதுவும் இல்லை. அனுமதி கேட்டால் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. இதை எழுதியவர் எந்தக் காலத்திலும் யாரிடமும் அனுமதி கேட்டு நின்றவரில்லை என்பது வாசித்தவுடனே விளங்கிவிடும்.

நான் அரசுத் துறை ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பகல் முழுக்க நான் வீட்டில் இருந்தால் வீட்டு நிர்வாகம் கெடுகிறது என்று வீட்டார் முடிவு செய்ததால், சங்கரன்கோவிலில் ஒரு சிறிய கல்லூரியில் அலுவலக மேலாளராகச் சேர்ந்தேன். கல்லூரி இங்கே, தலைமை அலுவலகம் சென்னையில். இரண்டுக்கும் நடுவில் மின்னஞ்சல். போவது உடனே போய்விடும். வருவதுதான் வராது.

அந்த வருடம் தை மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு இல்லை, அதில் ஓடும் கணினிகளை இனி மாணவர்கள் பயன்படுத்தக் கூடாது, எல்லாவற்றையும் புதிய விண்டோஸுக்கு மாற்றிவிட்டு அறிக்கை அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் இருந்தவை எல்லாம் வயதான கணினிகள். புதிய விண்டோஸைப் போட முயன்றால், இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று மரியாதையாக ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும்.

கணினித் துறையில் இருந்த ஒரே ஆசிரியை என் மேசைக்கு வந்தார். குருவிகுளம் பக்கத்துப் பெண். பேச்சில் சுற்றிவளைப்பு இருக்காது.

"சார், பழசுல ஓட்டக் கூடாதுங்காவ. புதுசு இதுல ஏறாது. லினக்ஸ் போட்டா ஓடும். காசும் கிடையாது. ஒண்ணுல போட்டுப் பாத்துட்டேன், நல்லா ஓடுது."

"பார்த்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம். அதுவே விதிமீறல்" என்றேன்.

"அப்போ என்னதான் சார் செய்யணும்?"

"அனுமதி கேட்டுக் கடிதம் எழுதணும்."

எழுதினோம். லினக்ஸ் என்றால் என்ன, செலவு ஏன் இல்லை, பாடத்திட்டத்தில் உள்ள பைத்தானும் ஜாவாவும் அதில் எப்படி ஓடும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் அலுவலகத் தமிழில் இறக்கினேன். முதல்வர் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். அவர் வேதியியல்காரர், நல்ல மனிதர். பேனாவைத் திறந்தால் மட்டும் கை தயங்கும்.

"ஏன் அண்ணாச்சி, இந்த ரெண்டுல எது பெருசு? விண்டோஸா, லினக்ஸா?"

இந்தக் கேள்வியைச் சங்கரநாராயணர் கோயில் இருக்கிற ஊரில் கேட்டிருக்கக் கூடாது. பாதி சிவன், பாதி பெருமாள் என்று இந்த ஊரில் அது என்றைக்கோ தீர்ந்துபோன வழக்கு. "எது இதில் ஏறுதோ அதுதான் சார் பெருசு" என்றேன். கையெழுத்து விழுந்தது.

பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சர்வீஸ் முழுக்க இப்படிக் காத்திருக்கும் கடிதங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். கேட்டாயிற்று, கோப்பில் நகல் இருக்கிறது, இனி தவறு நம்முடையது அல்ல. அலுவலக வாழ்வில் இதைவிட நிம்மதியான நிலை கிடையாது.

மாசியில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. செய்முறைத் தேர்வுக்கு, தேர்வர்களுக்குப் போதுமான இயங்கும் கணினிகள் இருப்பதாக முதல்வர் சான்றளிக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு மையம் தென்காசிப் பக்கம் வேறொரு கல்லூரிக்கு மாற்றப்படும். முதல்வருக்கு இதில் ஒரு ஆறுதல்கூடக் கிடைத்தது.

"மாத்துனா மாத்திட்டுப் போறாவ, அண்ணாச்சி. பிள்ளைங்க பஸ்ல போய் எழுதட்டுமே."

நானும் அப்படித்தான் நினைத்தேன், மறுநாள் காலை அந்த மாணவி அலுவலகத்துக்கு வரும்வரை. இறுதியாண்டு படிப்பவள். இளையரசனேந்தல் பக்கத்தில் வாக்கப்பட்டவள். நிறைமாதத்துக்குச் சற்றே முன்னால் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காருவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், பிராக்டிகல் தென்காசிக்குப் போகுதாமே?"

"அப்படித்தான் பேச்சு."

"எங்க அத்தை சங்கரன்கோவில் வரைக்கும்னா விடுதேங்காவ. அதுக்கு அங்கிட்டு இந்த வயித்தோட பஸ்ல ஆட்ட முடியாதுன்னுட்டாவ. டாக்டரும் அதைத்தான் சொல்லுதாவ."

"அடுத்த தடவை எழுதலாமேம்மா. பரீட்சை எங்கேயும் ஓடிவிடாது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. விவரம் தெரியாத ஆளிடம் பேசுகிற பொறுமைதான் அதில் இருந்தது.

"பரீட்சை ஓடாது சார். கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான்லா ஓட முடியாது. இப்போ விட்டா டிகிரி அவ்வளவுதான். எழுதி முடிச்சிட்டேன்னா எங்க வீட்டுக்காரவக கிட்ட அடுத்ததைப் பேசலாம். முடிக்காம என்னத்தப் பேச?"

அவள் போன பிறகு நான் தேநீர்கூடக் குடிக்காமல் கையேட்டை எடுத்தேன். இரக்கத்தால் என்று சொல்ல மாட்டேன். நகல் கோப்பில் இருந்தும் நிம்மதி வராதது எனக்குப் புதிது. அது ஏன் என்று பார்க்க வேண்டியிருந்தது.

கணினி பற்றிய பக்கங்களில் வழி இல்லை. கடைசியில், யாரும் வாசிக்காத இடத்தில், உடைந்த பெஞ்சு, ஓட்டை டிரம் முதலிய தளவாடங்களைக் கழிவு செய்வது பற்றிய பகுதி இருந்தது. ஆயுட்காலம் முடிந்த பொருளை முதல்வர், துறைப் பொறுப்பாளர், அலுவலக மேலாளர் மூவரும் பார்வையிட்டுக் கழிவு செய்யலாம். செய்ததைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும், அனுமதி தேவையில்லை. அதற்கு அடுத்த வரிதான் முக்கியம். ஏலம் விடும்வரை, கழிவுப் பொருளில் பயன்படும் பாகங்களைக் கல்லூரித் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெஞ்சுப் பலகையை மனதில் வைத்து எழுதிய வரி. ஆனால் பலகை என்ற சொல் அதில் இல்லை.

ஆசிரியையையும் முதல்வரையும் உட்காரவைத்து விளக்கினேன். கணினிகளின் ஆயுட்காலம் முடிந்து சில வருடங்கள் ஆகின்றன. அது பொய் இல்லை. கழிவு செய்துவிட்டால் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும், பிறகு அவை கல்லூரிக் கணினிகள் அல்ல. கல்லூரிக் கணினி இல்லை என்றால் இயங்குதள விதி அவற்றைத் தொடாது. பயன்படும் பாகங்களை எடுத்துக்கொள்ளலாம்.

"எந்தப் பாகம் சார் பயன்படும்?" என்றார் ஆசிரியை.

"எல்லாப் பாகமும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதல்வர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ஓட்டக் கூடாதுன்னு கண்டம் பண்ணுன பஸ்ஸுல ஆளை ஏத்திக்கிட்டுப் போற மாதிரிலா இருக்கு."

"பஸ் ஓடுதா, இல்லையா, அதைச் சொல்லுங்க சார்" என்றார் ஆசிரியை.

முதல்வர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மூவரும் கையெழுத்திட்டோம். தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். ஆசிரியை ஒரு பென்டிரைவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியாக லினக்ஸை ஏற்றினார். மாணவர்களுக்கு அதிலேயே பயிற்சி கொடுத்தார். இயங்கும் கணினிகள் உள்ளன என்று பல்கலைக்கழகத்துக்குச் சான்று போனது. அதிலும் பொய் இல்லை.

எல்லாம் முறைப்படி நடந்தது. கோளாறு வந்ததும் அந்த முறையால்தான். கழிவு செய்த பொருளின் மேல் சிவப்புப் பெயிண்டில் 'கழிவு' என்று எழுத வேண்டும் என்று அதே பகுதியில் இருந்தது. நானும் குறிப்பில் அதைச் சேர்த்திருந்தேன், சேர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் உதவியாளர் அலுவலகக் குறிப்பை அப்படியே நிறைவேற்றும் அபூர்வ மனிதர். தேர்வுக்கு முந்தின நாள் பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்து, எல்லாத் திரைகளின் நெற்றியிலும் அழகான எழுத்தில் எழுதி முடித்துவிட்டு என்னிடம் சொல்ல வந்தார்.

"எல்லாத்துலயும் எழுதியாச்சு அண்ணாச்சி. எழுத்து நல்லா வந்திருக்கு, வந்து பாருங்க."

பார்த்தேன். நல்லாத்தான் வந்திருந்தது. ஆசிரியை தின்னர் வைத்துத் துடைத்துப் பார்த்தார். எழுத்து பரந்து இன்னும் பெரிதானதுதான் மிச்சம்.

மறுநாள் வெளித்தேர்வாளர் வந்தார். வேறு ஊர்க் கல்லூரிப் பேராசிரியர். முன்பின் அறியாதவர். கதவைத் தாண்டியதும் நின்றுவிட்டார். வரிசை வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் 'கழிவு', ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மாணவர். அந்தப் பெண்ணுக்கு ஓரத்து மேசை. வயிறு மேசையில் இடிக்கிறது என்று அவளைத் தள்ளி உட்காரவைத்து, ஒரு நீள வயரைப் பூட்டி, கீபோர்டை மடியில் ஒரு தட்டின் மேல் வைத்திருந்தார் ஆசிரியை.

"இதெல்லாம் என்ன?" என்றார் தேர்வாளர்.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் கையேட்டின் பகுதி எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை, அந்தப் பெண் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"சார், எழுதியிருக்கதுதான் கழிவு. உள்ள நல்லா ஓடுது. நீங்க கேள்வியக் குடுங்க சார், எனக்கு ரொம்ப நேரம் உக்கார முடியாது."

"ஏட்டி, சும்மா இரு" என்றார் ஆசிரியை தாழ்ந்த குரலில்.

தேர்வாளர் அவளைப் பார்த்தார், மடியில் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பல்கலைக்கழகப் படிவத்தை எடுத்து நிதானமாக வாசித்தார். அவர் வாசித்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவர் நம்ம ஜாதி. விதியைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற ஜாதி.

"இதில் 'இயங்குகிறதா' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்" என்றார். ஒவ்வொரு கணினியாகத் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதினார். கேள்வித்தாளை முதலில் ஓரத்து மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

அவள் நேரம் முடிவதற்கு வெகு முன்பே முடித்துவிட்டாள். நிரல் ஓடி விடை வந்ததும் கீபோர்டைத் தட்டோடு தூக்கி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, எழுந்திருக்கக் கை நீட்டினாள். வாசலில் புருஷனும் மாமியாரும் ஆட்டோவில் காத்திருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்து, "எழுதிட்டாளா? சரி. இனும கொஞ்ச நாளைக்கு இவள இங்கன கூப்பிடாதீக" என்றார். அவ்வளவுதான்.

மாலையில் மதிப்பெண் உறையை ஒட்டிக் கையெழுத்திட்ட பிறகு, தேர்வாளர் கிளம்பாமல் நின்றார். ஏதோ ஆட்சேபக் குறிப்பு எழுதப் போகிறார் என்று முதல்வர் தன் பேனாவை மூடி உள்ளே வைத்தார். அவர் ஆசிரியை பக்கம் திரும்பினார்.

"மேடம், அந்தப் பென்டிரைவை ஒரு காப்பி போட்டுத் தருவீங்களா? எங்க லேபும் இதே கதிதான். அனுமதி கேட்டு எழுதியிருக்கோம்." பிறகு என்னிடம், "சார், அந்தக் கழிவுப் பகுதியையும் ஒரு ஜெராக்ஸ்" என்றார்.

அந்தப் பெண் தேறினாள். பிள்ளையும் பிறந்தது, பெண் குழந்தை. இனிப்போடு வந்த புருஷன் லேபை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏலம் விடலியா சார்?" என்று கேட்டுப் போனான். விடவில்லை. ஏலத்துக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். என்னையும் வயதைப் பார்த்துத்தான் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள் என்பதால், அந்த லேபைக் கடக்கும்போது ஒரு சகஊழியப் பாசம் வருகிறது.

விதிகளை முழுசாகப் படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. முடியாது என்று சொல்ல வேண்டிய இடங்களை மட்டும் இத்தனை வருடம் அடிக்கோடிட்டு வைத்திருந்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது ஒன்று கேட்டு வந்தால், முதலில் யாரும் வாசிக்காத அந்தக் கடைசிப் பக்கங்களைத்தான் திறக்கிறேன்.

தலைமை அலுவலகத்தின் பதிலும் வந்தது. திருவிழாவுக்காக ஊரே தெருவில் நின்றது அன்றைக்கு. விவசாயிகள் விளைச்சலுக்கு நேர்த்தியாகப் பருத்தியும் மிளகாய் வத்தலும் அம்பாள் மேல் வீசிச் சூறையிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். 'தங்கள் கடிதத்தில் கண்டுள்ள கணினிகள் கழிவு செய்யப்பட்டுவிட்டதாகத் தெரிவதால், அனுமதி வழங்க வேண்டிய அவசியம் எழவில்லை' என்று இருந்தது. திரையில் விழுந்திருந்த பருத்தியைத் தட்டிவிட்டு இன்னொரு முறை வாசித்தேன். சிவனையும் பெருமாளையும் ஒன்றாகக் காட்டச் சொல்லி அம்பாளே தவம் நின்று பதில் வாங்குகிற ஊரில், நாங்கள் தையில் கேட்டதற்குப் பதில் வந்த நாள் ஆடித்தபசு.