ஐஸ் பெட்டிக்குள் வட்டிலாப்பம்

கொம்பனித்தெருவில் ஜுனைதீன் நானா ராணி என்றொரு கிழட்டுக் குதிரை வைத்திருந்தார். கொழும்பு வெயிலிலும் அவள் ரோமம் உதிராமல் செம்மறியாடு மாதிரி அடர்ந்து கிடந்தது. பிட்யூட்டரி நோயாக இருக்கலாம் என்று, அந்த நோயில் கூடுகிற ஹோர்மோனை அளக்க, மிருக வைத்தியனான நான் ரத்தம் எடுத்தேன்.

அன்று நோன்புப் பெருநாளைக்கு மறுநாள். நானா முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம் தந்தார். வெள்ளவத்தையில் என் வீடு போய்ச்சேர முன்னம் கெட்டுவிடுமே என்று அதை, ரத்தம் கொண்டுபோக வைத்திருந்த என் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்க்கு இடமில்லை; சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த ஹோர்மோன் சூட்டில் சிதைந்து அளவு குறைந்துவிடும் என்று படித்தவன்தான் நான். நெரிசலில் ஆய்வுகூடம் போக இரண்டு மணித்தியாலம் ஆனது.

ரிப்போர்ட் சாதாரணம் என்றது. "நோயில்லை" என்றேன். இரண்டு மாதத்தில், அந்த நோய் முற்றினால் வருவதுபோலவே, ராணி குளம்பு நொந்து நிற்க முடியாமல் தவித்தாள். அப்போதுதான் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் ராணியின் கழுத்தைத் தடவினார். "நாளைக்கு இன்னொருக்கா எடுங்க டொக்டர்" என்றார்.

மறுநாள் இரண்டு ஐஸ் பெட்டிகளோடு நின்றார். "ஒண்டு ராணிட ரத்தத்துக்கு. மத்தது உங்களுக்கு."

இந்த முறை நோய் பிடிபட்டது. மருந்தோடு மூன்று வருஷம் நடந்தாள்.

இன்று ராணியும் இல்லை, நானாவும் இல்லை. என் காரில் இப்போதும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. இரண்டாவதில் நான் எதுவும் வைப்பதில்லை.