கெய்ரோவில் தங்கம், எங்கள் வேலியில் சோக்கோ

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியின் மேற்குப் பக்கத்தில், ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. யாருடைய ஸ்பானராவது காணாமல் போனால் எங்கள் போர்மன் கையை விரிப்பார். அவருடைய இங்கிலீஷை எங்கள் தமிழில் சொன்னால், "அது இப்ப டிம்பக்டுவிலை நிக்கும்."

கண்காணாத தூரம் என்பதற்கு அங்கே எல்லாரும் சொல்வது இந்தப் பெயரைத்தான். மனிதர்கள் வாயில் வரும் இப்படியான பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்ப்பதில் எனக்குத் தனி ஆசை. ஆனால் ஆப்பிரிக்காவில் மாலி நாட்டிலுள்ள டிம்பக்டு பற்றி நூலகத்தில் எடுத்த புத்தகமொன்றை அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "அது உண்மையான ஊர். ஒரு காலத்திலை படிச்ச ஆக்களின்ரை ஊர்."

எட்டு மாதத்தில் நான் அங்கே பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். பட்டறையே சிரித்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் எங்களுக்குச் சொல்லன்," என்றார் போர்மன். "பத்து நிமிசம். நாங்கள் நித்திரையானால் குறை நினைக்காதை."

வீட்டில் வாய் ஓயாத நான் பட்டறையில் ஊமை. வெள்ளிக்கிழமையும் திறக்காத வாய் பிறகு திறக்கவே திறக்காது என்று எனக்குத் தெரியும். எழுதினேன், கிழித்தேன். அந்தப் புத்தகத்தில் ஓர் அரசர் வாரிக் கொடுத்த அவ்வளவு தங்கத்தை எந்த இங்கிலீஷில் சொல்வது?

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, எனக்குச் சொன்ன மாதிரி அங்கையும் சொல்லுங்கோவன். போகேக்கை இந்தச் சோக்கோவையும் கொண்டுபோங்கோ. வைக்க இடமில்லை."

சோக்கோ என்றால் நம் சௌசௌ. ஊரில் சந்தையில் வாங்கிய மரக்கறி, இங்கே வேலிக்கு வேலி தொங்கும். வந்த புதிதில் எங்கள் வேலியில் காய்த்ததை ஒரு பை நிறையப் பக்கத்து வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோனேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன்னுடைய இரண்டு பையை என் கையில் தந்து அனுப்பினார். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கடதாசி கொண்டுபோகவில்லை. ஒரு சாக்குச் சோக்கோவும் அந்த நூலகப் புத்தகமும்தான். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு வைத்தேன்.

"ஐயோ வேண்டாமப்பா! வீட்டிலை மலையாய்க் கிடக்கு!"

"என்ரை மனிசி ஆப்பிள் 'பை' பலகாரம் எண்டு சொல்லி இதைத்தான் உள்ளை வைச்சுத் தாறாள்!"

"கெய்ரோச் சனமும் இப்படித்தான் கத்தியிருக்கும்," என்றேன். "மாலி நாட்டு அரசர் மெக்காவுக்குப் போற வழியிலை அங்கை தங்கத்தை அள்ளி அள்ளிக் குடுத்தவர். தங்கத்தின்ரை மதிப்பே விழுந்துபோச்சு. தங்கம் சோக்கோ ஆயிட்டுது!"

மேசைகள் அதிர்ந்தன. அதன்பிறகு என் இங்கிலீஷ் நொண்டியபடியே ஓடியது. அரசர் திரும்பும்போது அறிஞர்களைக் கூட்டிவந்தது, டிம்பக்டுவில் பள்ளிவாசல் கட்டியது, தூர தேசத்து மாணவர்கள் அங்கே தேடி வந்தது, பின்னாளில் அந்தச் சந்தையில் மற்ற எந்தச் சரக்கையும் விடக் கையெழுத்துப் புத்தகங்கள் நல்ல விலை போனது, எல்லாம் சொன்னேன். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

"தங்கம் விளையிற நாட்டிலை புத்தகத்துக்கோ விலை?" என்றார் போர்மன்.

"ஓம்."

"உந்தப் புத்தகத்தை ஒருக்கால் தா, பாப்பம்."

எல்லாரும் போன பிறகு பார்த்தேன். சோக்கோ ஒன்றுகூடக் குறையவில்லை. புத்தகம் போர்மனோடு போய்விட்டது.

அடுத்த கிழமை என் ஸ்பானர் காணாமல் போனது. பட்டறை முழுக்கக் கேட்கும்படி, எங்கே என்று நானே சத்தமாகக் கேட்டேன்.

போர்மன் நிமிரவில்லை. "டிம்பக்டுவுக்குப் போயிட்டுது," என்றார். "படிக்க."