தனலெட்சுமியின் ஏழாவது நேர்முகம்

உட்காருவதற்கு முன் நாற்காலியை அரை அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள் தனலெட்சுமி. எந்த நேர்முகத்துக்குப் போனாலும் அப்படித்தான். “முன்னுக்கு ஒக்காந்தா மத்தவங்க மூஞ்சி தெரியாது லா” என்பாள். எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதே வேலை தேடி அலைந்த இடங்களில்தான். பெட்டாலிங் ஜெயாவில் இந்த பேஜர் கம்பெனி எனக்கு நான்காவது, அவளுக்கு ஏழாவது.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் நான்கு வருடம் தொலைபேசி எடுத்தவள். சரக்கு வந்து சேராத கடைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்களாம். இவள் குறுக்கே பேசமாட்டாள். ஏசி முடித்து அவர்கள் மூச்சு வாங்கும்போது, “சரி அண்ணே, இப்ப லோரி நம்பர் சொல்லுங்க” என்பாளாம். தமிழ், மலாய், ஆங்கிலம், சமாளிக்கிற அளவுக்கு ஹொக்கியன் சீனமும் பேசுவாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கும் படிக்கும் இரண்டு தங்கைகளுக்கும் இவள் சம்பளம்தான் சோறு.

ஆனால் லோரி கம்பெனியைப் பற்றி யாரும் அவளைக் கேட்டதில்லை. வாடிக்கையாளர் சொல்லும் செய்தியைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை இது. அதற்குப் பன்னிரண்டு பேரை வட்டமாக உட்காரவைத்து, “படகு முழுகப் போகுது, யாரைத் தள்ளுவீங்க? டிஸ்கஸ் பண்ணுங்க” என்கிறார் டை கட்டிய அதிகாரி. உரக்கக் கத்தியவன் பக்கம் அவர் பேனா ஓடுகிறது. இதற்குப் பெயர் தேர்வாம்! நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“எனக்கென்ன கப்பல்லயா வேல?” என்று என் காதில் முணுமுணுத்துவிட்டுத்தான் அவள் பேசத் தொடங்கினாள். அன்று நன்றாகவே பேசினாள். அதிகாரி இரண்டு முறை தலையாட்டினார். “இந்த வாட்டி கெடச்சிரும் போல” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கடைசியாக ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள். இந்தக் குழுவில் வேலைக்குத் தகுதியில்லாத ஒருவரின் பெயரை எழுத வேண்டுமாம். எல்லார் கண்ணும் மாரியாயி பக்கம் திரும்பியது. சுங்கை பூலோவிலிருந்து வந்த பெண், இருபது வயதுகூட இருக்காது. ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வந்தது. இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள், அவ்வளவுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் அவள் பெயரைத்தான் எழுதினேன். எழுதாவிட்டால் என் பெயரை எழுதிவிடுவார்களோ என்று பயம். சொல்லவே கூசுகிறது.

“மிஸ் தனலெட்சுமி, நீங்களே கலெக்ட் பண்ணுங்க” என்றார் அதிகாரி, சிரித்துக்கொண்டு. வேலை அவளுக்குத்தான் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவள் எழுந்து ஒவ்வொருவரிடமும் வாங்கினாள். என் சீட்டை வாங்கும்போது என்னைப் பார்க்கவில்லை. மாரியாயியின் சீட்டு வெறுமையாக இருந்தது.

அதிகாரி கையை நீட்டினார்.

“பாஸ், இந்தப் பிள்ளைகிட்ட நீங்க ஒரு கேள்வியாச்சும் கேட்டீங்களா?”

“அது எங்க முறை, மிஸ். சீட்டக் குடுங்க.”

“ஏசுறவனுக்கே நாலு வருஷம் மரியாதையா பதில் சொன்னவ நான். இந்தச் சீட்டக் குடுக்க எனக்குக் கை வரல பாஸ்.”

சீட்டுகள் அத்தனையையும் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.