தினமும் பிளக்கைப் பிடுங்கியவர்

அப்பா பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பேட்டரி என்று பஸ்ஸில் கரண்ட் ஓடும் இடமெல்லாம் அவர் கை பட்டிருக்கும். சாயங்காலம் வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றதும் பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒருமுறை யாரோ மறந்துபோய், ஒரு வண்டி நின்ற இடத்திலேயே எரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்தது. படுக்கப் போகுமுன் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். டிவி, மிக்ஸி, சார்ஜர், என் கம்ப்யூட்டர். ஃபிரிட்ஜ் மட்டும் தப்பியது. அதுவும் அம்மா சண்டை போட்டதால்.

அம்மாவுக்குக் காது கேட்காது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டது. நன்றாகப் பேசுவாள், எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பின்னறையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைக்கிறாள். வாசலில் பெல் அடித்தால் அப்பா நடையில் நின்று, தையல் மிஷினுக்கு மேலே தொங்கும் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார். அம்மா எழுந்து வருவாள்.

"நீங்களே போய்த் திறந்தா என்ன?" என்று கேட்பாள்.

"என்னைப் பாக்கவா வர்றாங்க? எல்லாம் உன் கஸ்டமர். நான் வெறும் கண்டக்டர்."

போன மாதம் கடைத்தெருவில் நடந்துபோகும்போது விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அம்மா இந்த வீட்டில் தனியாக இருக்க முடியுமா? என் வேலை வேறு ஊரில். என்னோடு வந்துவிடு என்றேன்.

"அங்க வந்து என்ன தைக்கிறது? உன் வீட்டு ஜன்னலுக்குத் திரையா?"

"இங்க யாராவது வந்தா உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கதவைத் திறந்தே வைக்கிறேன்."

அப்படியே வைத்தாள். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மீட்டர் பார்க்க வந்தவர், கூப்பிட்டுப் பார்த்துப் பதில் இல்லாததால் உள்ளே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். துணியில் நிழல் விழுந்ததும் அம்மா பதறிவிட்டாள். ஊசி விரலில் இறங்கிவிட்டது. அதிலிருந்து கதவைப் பூட்டியே வைத்தாள். நான் வெளியே போயிருந்தால், தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பெல் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டில் இருந்தால் பெல் அடிக்கும்போதெல்லாம் நானே ஓட வேண்டியிருந்தது.

அம்மாவின் விரலுக்குக் கட்டு மாற்றத் துணி தேடியபோதுதான் அப்பாவின் அலமாரியில் அந்தப் போர்டைப் பார்த்தேன். உள்ளங்கை அளவில், லினக்ஸ் ஓடுகிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. எனக்குச் சம்பளம் தருவதே இந்த மாதிரிப் போர்டுகள்தான். அதோடு கரண்டை விட்டு நிறுத்த ஒரு ரிலே, ஒரு பெல் பட்டன், நீளமான வயர்கள். ஒவ்வொரு வயர் முனையிலும் பஸ்ஸில் கட்டுவதுபோல நம்பர் போட்ட குழாய் மாட்டியிருந்தார். என்ன செய்யப் பார்த்தார் என்பது வயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெல்லை அழுத்தினால் மிஷின் விளக்கு தானாகவே அணைந்து எரிய வேண்டும்.

கரண்ட் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு கொஞ்சம் துடித்துவிட்டு நின்றது. இந்தப் போர்டுக்குத் திரை கிடையாது. அது சொல்வதைக் கேட்க சீரியல் கேபிள் மாட்டிக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். மாட்டினேன். எழுத்துகள் வரிவரியாக ஓடின, பாதியில் நின்றன. மெமரி கார்டில் இருப்பதைப் படிக்க முடியவில்லை என்பது கடைசி வரி.

அன்று மாலை டயர்காரர் வந்தார். அப்பாவின் சிநேகிதர். அடுத்த தெருவில் டயர்க்கடை வைத்திருக்கிறார். வீல் அலைன்மென்ட் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. மேஜைமேல் இருந்த போர்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"கார்டுல சிஸ்டம் ஏத்தினதெல்லாம் என் கடையிலதான் பாப்பா. நான் ஷட்டரைத் தூக்குறதுக்கு முன்னாடியே வந்து நிப்பார். 'மறுபடி படுத்துட்டான்டா'ம்பார். திரும்ப முதல்லேர்ந்து ஏத்துவோம். தினமும் ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்த ஆளு உலகத்துலயே உங்கப்பா ஒருத்தர்தான்."

"விளக்கு எரிஞ்சுதா மாமா?"

"உங்கம்மாவுக்குத் தெரியாம தனி பல்புல பாத்தார், ஜம்முனு எரிஞ்சுதே! சாயங்காலம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. காலையில பாத்தா பொணம்." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. படுக்கப் போகுமுன் இதன் பிளக்கையும் பிடுங்கியிருக்கிறார். பஸ்ஸுக்கு மெயினை அணைத்தால் பத்திரம். லினக்ஸ் அப்படி இல்லை. கார்டில் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருந்து பிறகுதான் எழுதும். மூடிக்கொள் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் கரண்டை எடுக்க வேண்டும். எழுதும் நடுவில் பிடுங்கினால் கார்டு கெட்டுப்போகலாம். தினமும் என்று டயர்காரர் சொன்னது கொஞ்சம் மிகையாக இருக்கும். ஆனால் கார்டும் மட்டமான கார்டு.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நான் சொல்லாமலா? 'பொண்ணு இதே வேலைதானே பாக்குது, போனைப் போடுங்கண்ணே'ன்னேன். 'போட்டா ஏன்னு கேப்பாடா. நீங்க வீட்ல இருக்கும்போது எதுக்கு இந்த விளக்குன்னு கேப்பா. என்னன்னு சொல்ல?'ன்னார்." போர்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். "டாக்டர் சொல்லிட்டாரு பாப்பா. இருதயம் ரொம்ப மோசம், ஆபரேஷனும் தாங்காதுன்னு. வீட்ல மூச்சு விடக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்."

அம்மாவுக்குத் தெரியக் கூடாததைப் பேசும்போது எங்கள் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வோம். டயர்காரர் திரும்பவில்லை. அம்மா டீயோடு சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள்.

டம்ளர்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள்.

"உதட்டைப் பாத்தே ஊர்க் கதையெல்லாம் படிச்சிருவேன்னு பெருமை அடிச்சுக்கிட்டேன்," என்றாள். "இந்த மனுஷன் வாயே திறக்கலையே."

டயர்காரர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். பின்னறைக்குப் போன அம்மா வெகுநேரம் மிஷினை ஓட்டவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"அதை முடிச்சுக் குடு. அவர் விட்ட வேலை."

புதுக் கார்டு வாங்கினேன். சிஸ்டத்தை ஏற்றி, போர்டு எழுந்ததும் தானாக ஓடும்படி சின்ன புரோகிராம் எழுதினேன். வயரிங்கில் கை வைக்கவில்லை. வைக்க அவசியம் இருக்கவில்லை.

படுக்கப் போகும்போது அம்மா ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். போர்டின் பிளக்கையும் பிடுங்கினாள்.

"அம்மா! அதை விடு."

"அவர் பழக்கம்டி. நான் மாத்தப்போறதில்ல."

"ராத்திரி யாராவது பெல் அடிச்சா?"

"ராத்திரி வர்றவனுக்கு நான் எதுக்குக் கதவைத் திறக்கணும்?"

மறுநாள் காலை சிஸ்டத்தை மாற்றினேன். கார்டைப் படிக்க மட்டும் செய்யும், அதில் எதையும் எழுதாது. அப்படி வைத்தால் எப்போது பிடுங்கினாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது கெடுவது என்பது கிடையாது. தெரிந்தவர்களுக்குச் சின்ன வேலை. சோதித்துப் பார்க்கப் பிளக்கைப் பிடுங்கினேன், சொருகினேன். மறுபடி பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் போர்டு எழுந்தது. சோதனை முடிந்த பிறகும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அம்மாவை மிஷினில் உட்காரச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் பெல்லை அழுத்தினேன். நடையைத் தாண்டிப் பின்னறை தெரியும் ஜன்னல் வழியே பார்த்தேன். மிஷின் விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது. யோசிக்காமல் அப்படித்தான் எழுதியிருந்தேன். அம்மா சட்டென்று எழுந்தாள். கதவுப் பக்கம் வரவில்லை. நடையில் இருக்கும் சுவிட்சைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பார்த்தபடியே நின்றாள்.

அப்புறம்தான் வந்து கதவைத் திறந்தாள். "இப்படி வேணாம்டி. மாத்திரு. இது அவர் கூப்பிடறது."

மாற்றினேன். மிஷின் விளக்கைப் பழையபடி சுவிட்சோடு சேர்த்துவிட்டேன். அப்பாவின் டூல் பெட்டியில் பஸ் இண்டிகேட்டர் விளக்கு ஒன்று கிடந்தது. அதை அவள் கண்ணுக்கு நேராகச் சுவரில் மாட்டினேன். பெல் அடித்தால் மஞ்சளாக எரியும். கொஞ்ச நேரம் அசையாமல் எரிந்துவிட்டு அணையும்.

மத்தியானம் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மிஷினை நிறுத்தினாள். போய்க் கதவில் இருந்த துளை வழியே பார்த்துவிட்டுத் திறந்தாள்.

"நாலு தடவை வந்துட்டேன்க்கா, கதவே திறக்கல," என்றாள் வந்த பெண். "என் தங்கச்சி நிச்சயத்துக்கே போட்டிருக்க வேண்டிய ஜாக்கெட்டு!"

"கல்யாணத்துக்குப் போட்டுக்கோ. உள்ள வா, கையை அளக்கணும். முன்னைக்கு இப்ப சதை போட்டிருக்கே."

அந்தப் பெண் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. டேப்பை அவள் தோளில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"நீ டிக்கெட் போட்டுக்கோ," என்றாள். "ஒண்ணு போதும்."