அத்தை கண் திறந்த குதிரை

என் அத்தைக்கு மறதி அதிகம் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அத்தைதான்.

வில்லாபுரத்தில் என் பெரியப்பா கோவில்களுக்கு மண்குதிரை செய்து தருவார். கல்யாணத்துக்கு முன்னால் அவற்றுக்கு வண்ணம் தீட்டியது அவருடைய தங்கையான அத்தை. பிறகு சிம்மக்கல்லில் மாமாவின் பழக்கடை, பிள்ளைகள் என்று பிரஷ்ஷைத் தொடவே நேரமில்லாமல் போயிற்று. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, "இனி நான் வாரேண்ணே" என்று அவளே வந்து நின்றாள். கூட வந்த மாமா, "இவளுக்குக் குதிரை எது, கழுதை எதுன்னே மறந்திருக்கும் மச்சான்" என்றார்.

ஒன்றும் மறக்கவில்லை. வாடிப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போகவேண்டிய குதிரைக்குச் சலங்கையும் சேணமும் பிடரியும் அவள் கையில் அப்படி வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை மட்டும் வெறுமையாக விடவேண்டும். கோவில் வாசலில் பூசை போட்டு, செய்த வீட்டு ஆண்தான் அதை வரைந்து திறப்பார். திறந்துவிட்டால் அது மண் இல்லை, சாமி.

ஊர்க்காரர்கள் குட்டியானை வண்டியோடு வந்த அன்று பெரியப்பா போர்வையை விலக்கினார். குதிரை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன காரியம் பண்ணிவச்சிருக்க?"

"கை அதுபாட்டுக்குப் போயிருச்சுண்ணே. விட்டு ரொம்ப நாளாச்சுல்ல, மறந்துட்டேன்" என்றாள் அத்தை.

குதிரை வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப்போனால், அத்தையை இனி யாரும் வண்ணம் தொடவிடமாட்டார்கள். நான் பயந்துபோய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். ஊர்ப் பெரியவர் குதிரை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"சாமி முழிச்சிருச்சு. இனி நம்ம பேச என்ன இருக்கு? சூடத்தக் கொளுத்துங்கப்பா."

சாமி இருக்கிற வீட்டில் கவிச்சி ஆகாது என்று, மாமாவுக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கறிக்குழம்பு சட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போனது. மாமா அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அதே ஊர், "தங்கச்சியவே கண்ணத் தெறக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியது.

பாவம் அத்தை, எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள் என்று நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். குட்டியானை வந்த அன்று விடியற்காலையில் அவள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தக் குதிரையிடம் போனதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மறந்துபோனவள் அப்படிப் போகமாட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.