பீரோவில் இருந்த ஒரிஜினல்

ஜெராக்ஸ் சார் வாழ்க்கையில் எதையும் தொலைத்ததில்லை. காரணம், எந்த அசலையும் அவர் வீட்டை விட்டு வெளியே எடுத்துக்கொண்டு போனதில்லை.

முப்பத்திரண்டு வருடம் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே கடை நடத்தியவர். மேசை ஒன்று, இயந்திரம் இரண்டு. அவர் பக்கவாட்டில் திரும்பி நின்றால்தான் நடுவில் இடம் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தை நகலெடுக்க வருகிறவர்கள் நகலை மறக்காமல் வாங்கிக்கொண்டு, அசலை இயந்திரத்தின் மூடிக்கடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் மூடியைத் திறந்தால் யாராவது ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். அவர்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்து, மறுநாள் மூச்சிரைக்க ஓடிவருகிறவர்களிடம் டப்பாவை நீட்டுவார்.

"நீங்களே தேடி எடுத்துக்கங்க. ஒரிஜினலைத் தூக்கிட்டு ஊர் சுத்துறவங்களுக்கு இதான் கதி."

"ஜெராக்ஸ் எடுக்கணும்னா ஒரிஜினலைக் கொண்டுதானே சார் வரணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏன், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தா மெஷின் வேணாம்னா சொல்லுது?"

அவருடைய கலர் ஜெராக்ஸின் மேல் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. லாமினேஷன் போட்டு ஓரம் வெட்டி வைத்துவிட்டால் எது அசல் எது நகல் என்று பெற்றவளுக்கே தெரியாது என்பார். அந்த லாமினேஷன் சூட்டில் வலது கட்டைவிரலின் ரேகை பாதி தேய்ந்துபோயிருந்தது. வெளிநாட்டு விமான நிலையத்தில் மூன்று முறை அழுத்தியும் இயந்திரம் அந்த விரலை ஏற்கவில்லை. "தொழில் பண்ண கை" என்று அதிகாரியிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தார்.

மகள் கூப்பிட்டதால், கடையைக் கைமாற்றிவிட்டு, மனைவியோடு பதினொரு மாத விசாவில் வந்திருந்தார். மகளுக்கு ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மருமகன் கப்பலில் பொறியாளர், நாலு மாதம் கடலில், இரண்டு மாதம் கரையில். அவர் கடலில் இருக்கும்போது அவசரத்துக்கு வண்டி ஓட்ட வீட்டில் ஓர் ஆள் இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்காகவே ஜெராக்ஸ் சார் ஊரில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வாங்கிவந்திருந்தார். கூடவே ஊர் உரிமத்தின் கலர் ஜெராக்ஸ் ஆறு செட். மூன்று பெட்டிகளில் ஒவ்வொன்று, மனைவியின் கைப்பையில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று, கைவசம் ஒன்று. அசல் உரிமம் கவருக்குள் கவராக ஊரில் இரும்பு பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி அவர் போட்டிருந்த டிராயரின் உள்பையில் இருந்தது.

இரண்டு மாதம் எந்த அவசரமும் வரவில்லை. மூன்றாம் மாதம் மகள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது கணுக்காலில் ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

வேலையில் அவளுக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. மேலதிகாரி மிகுந்த அன்போடு கடிதம் அனுப்பியிருந்தாள். சீக்கிரம் குணமாக வேண்டும். இரண்டு வாரம் விடுப்பு. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வர முடியாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும். பூங்கொத்து தனியே வருகிறது.

பூங்கொத்து மறுநாளே வந்துவிட்டது.

வேலை உட்கார்ந்து செய்வதுதான். நுண்ணோக்கியைப் பார்க்கக் கால் எதற்கு? ஆனால் கூடம் இருப்பது ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டரில். முதல் பேருந்து ஏழு மணிக்கு. அந்த விடியற்காலையில் அந்தச் சின்ன ஊருக்கு டாக்ஸி வருவதில்லை.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் ஜெராக்ஸ் சார். அவர் இப்படிச் சொல்லி வெகு நாளாயிற்று. முகமே பளபளத்தது.

மகள் கார் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஃபோன் செய்தாள். அப்பாவின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் பேசிய பெண், உரிமத்தையும் அனுமதிப் புத்தகத்தையும் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்ல, ஜெராக்ஸ் சார் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். பத்து நிமிடத்தில் பெயர் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் விடைபெறும்போது ஒன்று சொன்னாள். மகள் ஃபோனை வைத்துவிட்டு மொழிபெயர்த்தாள்.

"வந்த தேதியிலிருந்து ஆறு மாசம் இந்தப் புத்தகத்தை வச்சு ஓட்டலாமாம். அதுக்கு மேல தங்கினா இங்க டெஸ்ட் எழுதி லைசென்ஸ் வாங்கணுமாம். ஓட்டுறப்ப புத்தகமும் ஊர் லைசென்ஸோட ஒரிஜினலும் கையில இருக்கணும். ஒரிஜினல் இல்லாம புத்தகம் செல்லாது. பிடிச்சா லைசென்ஸே இல்லாம ஓட்டின மாதிரிதான். எடுங்கப்பா, ஒரிஜினலைப் பாத்துடுவோம்."

ஜெராக்ஸ் சார் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அந்த வீட்டில் மின்விசிறி கிடையாது.

"அப்பா?"

"பீரோல பத்திரமா இருக்கு."

"எந்த பீரோ?"

"நமக்கு எத்தனை பீரோ இருக்கு? ஊர்ல இருக்கிறதுதான்."

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "வெளிநாட்டுல வண்டி ஓட்ட வந்த மனுஷன் லைசென்ஸைப் பூட்டி வச்சிட்டு வந்திருக்காரு. ஏங்க, பாஸ்போர்ட்டாவது கொண்டு வந்தீங்களா, இல்ல ஏரோப்ளேன்காரனையும் ஜெராக்ஸ்லயே ஏமாத்திட்டு வந்தீங்களா?"

"அவன் ஒரிஜினல் கேட்டான். வேற வழியில்ல." அதைச் சொல்லும்போது கூட அவர் குரலில் வருத்தம் இருந்தது. "இந்த ஜெராக்ஸைக் காட்டினா யாருக்குத் தெரியப்போகுது? என் கையால எடுத்தது."

"வேண்டாம்பா. மாட்டினா கேஸ் ஆகும். என் வேலையும் விசாவும் சேர்ந்து போயிடும். முப்பது கிலோமீட்டர் தவழ்ந்தே போனாலும் போவேன், இப்படிப் போக மாட்டேன்."

ஊர் வீட்டுச் சாவி மனைவியின் தம்பியிடம் இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவனுடையது. அக்காவின் கணவரிடம் அவனுக்கு பயபக்தி அதிகம்; பல வருடம் அதே கடையில் நின்றவன். வீடியோ அழைப்பில் விஷயத்தைச் சொன்னார்கள்.

"பீரோ சாவி எங்க மாமா?"

"எங்கிட்டதான் இருக்கு மாப்ள. பத்திரமா இருக்கு."

அந்தப் பக்கம் மச்சான் பூட்டுக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

மறுநாள் பூட்டுக்காரர் வந்து பீரோவைத் திறந்தார். அரைமணி நேர வேலை. "நல்ல பீரோ சார் இது, உடைக்கவே மனசு வரல" என்று ஃபோனில் அவரும் ஒரு வார்த்தை சொன்னார். மச்சான் ஏழு கவர்களைப் பிரித்து உரிமத்தைத் தூக்கிக் காட்டினான். மனைவி இங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கே அனுப்பிடு தம்பி" என்றாள். அன்றே அனுப்பினான்.

கூரியர் வருவதற்குள் ஜெராக்ஸ் சார் சும்மா இருக்கவில்லை. தினமும் மாலையில், நிறுத்திவைத்த வண்டியில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இயந்திரத்தைக் கிளப்பாமலே பரிசோதனைக் கூடத்துக்குப் போய்வந்தார். சாலையின் அதே பக்கம்தான் இங்கேயும் ஓட்ட வேண்டும், அந்த ஒரு புண்ணியம். "இங்க நிறுத்தக்கோடு இருக்குப்பா" என்று அவள் சொன்ன இடத்தில் பிரேக்கை மிதித்தார். "இங்க எதுக்கு ஹாரன்?" "நாம வர்றது தெரிய வேணாமா?" "யாருக்கு?" சுற்றிலும் பார்த்தார். யாருமே இல்லைதான். ஒரு வாரத்தில் ஹாரனை விட்டார். இரண்டாம் வாரம் வட்டச் சந்திப்பில் வழிவிடவும் பழகினார். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

வியாழக்கிழமை கூரியர் வந்தது. கெடு முடிய மூன்று நாள் இருந்தது. ஜெராக்ஸ் சார் கத்தரிக்கோலால் பக்குவமாக வெட்டினார். கவருக்குள் கவர், அதற்குள் இன்னொன்று. கடைசிக் கவரிலிருந்து எடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய கண் தொழில்முறையில் மலர்ந்தது. ஓரம் சீவியதுபோல் நேராக இருந்தது. நிறம் துல்லியம். பின்பக்கம் நோட்டரி முத்திரை. விரலால் தடவினார். கட்டைவிரலுக்குத் தெரியவில்லை, ஆட்காட்டி விரலுக்குத் தெரிந்தது. அசலில் சிப் இருக்கும் இடம் லேசாக மேடாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது.

"மாப்ள," என்றார் ஃபோனில், "இது ஜெராக்ஸ்."

"ஆமா மாமா! நல்லா வந்திருக்கா? நாலு பிரின்ட் போட்டுப் பாத்து இதைத் தேர்ந்தெடுத்தேன்."

"ஒரிஜினல் எங்கடா?"

"ஒரிஜினலை யாராவது கூரியர்ல அனுப்புவாங்களா மாமா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. எங்க வீட்டு பீரோல பூட்டி வச்சிருக்கேன். யாராலயும் தொட முடியாது."

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மகள் மட்டும் சிரிக்கவில்லை. மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டி, மேலதிகாரியின் கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். பூங்கொத்து வாடிப்போய் மேசையில் நின்றது.

ஜெராக்ஸ் சாருக்கு மச்சானைத் திட்ட வாய் வரவில்லை. திட்ட வேண்டியவை எல்லாம் தன்னுடைய வாக்கியங்களாகவே இருந்தன.

மருமகனோடு கப்பலில் வேலை செய்பவரின் மனைவி சனிக்கிழமை ஊரிலிருந்து இங்கே கிளம்பி வருகிறாள் என்பது தெய்வச் செயல். மச்சான் இரவு ரயில் பிடித்து விமான நிலையத்துக்குப் போனான். உரிமத்தை அவள் கையில் கொடுப்பதற்கு முன் அவளுடைய பாஸ்போர்ட்டைப் படமெடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினானாம். "உங்க தம்பி போலீஸ்ல இருக்காரா?" என்று ஞாயிறு மாலை உரிமத்தைக் கொடுக்க வந்தபோது ஜெராக்ஸ் சாரின் மனைவியிடம் கேட்டாள்.

அன்று மகள், "குடுங்கப்பா, ஒரு தடவ பாத்துக்கறேன்" என்று கேட்டு வாங்கி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஜெராக்ஸ் சார் அப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை. கவரில் போட்டார். கவரை இன்னொரு கவரில் போட்டார். காலையில் மறக்காமல் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி டிராயரின் உள்பைக்குப் போனது. முப்பத்திரண்டு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். இதுவரை நிறுத்திவைத்தே ஓட்டிய வண்டி, நகர்ந்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நிறுத்தக்கோடுகள் அதனதன் இடத்தில் இருந்தன. வட்டச் சந்திப்பில் யாருமே வராதபோதும் நின்று வழிவிட்டார். எண்பதில் போகலாம் என்ற சாலையில் முப்பத்தைந்தில் போனார்.

"கொஞ்சம் வேகமாப் போலாம்பா."

"சட்டப்படி போறேன்."

சட்டப்படி போவதைப் பார்த்துத்தான் போலீஸ் வண்டி பின்னால் வந்து விளக்கைச் சுழற்றியது. அந்த நேரத்தில் அவ்வளவு மெதுவாகப் போகிறவர் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லை தூங்கியிருக்க வேண்டும் என்று அந்த இளம் காவலருக்குத் தோன்றியிருக்கிறது.

ஜெராக்ஸ் சார் பக்கத்தில் வைத்திருந்த காகிதக் கோப்பைத் திறந்து, அனுமதிப் புத்தகத்தையும் உரிமத்தையும் நீட்டினார். காவலர் உரிமத்தை டார்ச் ஒளியில் சாய்த்தார். சிப் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவருக்கு ரேகை தேயாத கட்டைவிரல். பிறகு தலையை அசைத்து ஏதோ கேட்டார்.

"ஒரிஜினல் எங்கன்னு கேக்குறார்" என்றாள் மகள்.

ஜெராக்ஸ் சார் கோப்பை மறுபடி புரட்டினார். கொண்டுவந்த ஆறு செட்களில் ஒன்றைத்தான் கோப்பில் வைத்திருந்தார். அசல் அலமாரியில். சாவி டிராயரில். மணி ஐந்து நாற்பது.

"பாப்பா... வீட்டுல... பத்திரமா..."

மகள் கைப்பையைத் திறந்து, கவர் இல்லாத ஒரு வெறும் அட்டையை எடுத்துக் காவலரிடம் நீட்டினாள். அவர் தடவிப் பார்த்தார், புத்தகத்தோடு ஒப்பிட்டார், திருப்பிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகும்படி மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

வண்டி கிளம்பி ஒரு கிலோமீட்டர் போனதும் அவர் கேட்டார்.

"அப்ப நான் நேத்து அலமாரியில வச்சுப் பூட்டினது?"

"மாமா அனுப்பினதுப்பா. ஜெராக்ஸ்."

"எனக்கே தெரியலையே!" என்றார். அவமானத்தை எதிர்பார்த்த மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் பெருமைதான் கூடியிருந்தது. "நான் பழக்கின கை பாரு அது."

ஐந்து ஐம்பத்தாறுக்கு மகள் ஊன்றுகோலோடு பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வருகைப் பதிவு இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டியதை அவர் வண்டியிலிருந்தே பார்த்தார். போவதற்கு முன் அசலை அவருடைய சட்டைப் பையில் அவளே செருகி, "திரும்பிப் போறப்ப இது உங்ககிட்ட இருக்கணும். இனிமே எங்கயும் பூட்டக் கூடாது, சரியா?" என்று சொல்லியிருந்தாள். சரி என்று தலையாட்டியிருந்தார்.

கவர்கூட இல்லாமல் அது நெஞ்சின் மேல் குறுகுறுத்தது. திரும்பும் வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஊர் எல்லையில் ஒரு நகலெடுக்கும் கடை கண்ணில் பட்டது. எட்டு மணிக்குத் திறக்கும் என்று கதவில் எழுதியிருந்தது. அப்போது ஆறேமுக்கால்.

வண்டியை வெள்ளைக்கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்திவிட்டு, ஜெராக்ஸ் சார் காத்திருந்தார்.