குளிர்கோபுரத்துப் பாசி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சோதிப்பது என் வேலை. வேதியியல் படித்துவிட்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவள். கட்டடத்துக்குப் பின்னால் கூலிங் டவர் நிற்கிறது. இயந்திரங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் அதன் உச்சியிலிருந்து சிதறி விழும். மேலே சுற்றும் ராட்சத விசிறி காற்றை இழுத்து அதை ஆற்றும். அந்தத் தண்ணீரில் தினமும் ஒரு பாட்டில் பிடித்து, குளோரின் அளவு பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. ஒருநாள் தாள் வராவிட்டால் மட்டும் குதிப்பார்கள்.

டவரின் மேல்தளத்தில் வெயில் படுகிற இடமெல்லாம் பச்சையாக வழவழவென்று படர்ந்திருக்கும். பாசி என்போம். உண்மையில் அது நீலப்பசும்பாசி, பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் அதில் துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பச்சை இழைகள், அவற்றைச் சுற்றிலும் கஞ்சி போல ஒரு கூழ். அந்தக் கூழில் பெரும்பங்கு சர்க்கரைதான். நாக்கில் இனிக்கிற சர்க்கரை அல்ல, நீளநீளமாகக் கோத்துவைத்த சர்க்கரை. வெயிலை வைத்துத் தன் தேவைக்கு மேலேயே அதைச் செய்து, மிச்சத்தை வெளியே விட்டுவிடுகிறது இந்தப் பாசி. வெயிலில் உணவு செய்யத் தெரியாத மற்ற கிருமிகள் அதைத் தின்றுகொண்டு அதற்குள்ளேயே குடியிருக்கின்றன. அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சொல்லத்தான் ஆளில்லை.

கையில் அகப்பட்டவர் டவரைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. சூளகிரிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டம் தொழிற்பேட்டைக்குள் போனபின் இங்கே வந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு, வாசல் காவலரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். நான் ‘அண்ணே’ என்றால் சிரிப்பார், இந்த ஊரில் ‘அண்ணா’தான். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப இது ஒண்ணு ஆக்கிப் போடுது, மத்ததெல்லாம் உக்காந்து திங்குது. எங்க வூட்டுக் கதை மாதிரியே இருக்குதுங்க மேடம்” என்றார்.

அந்தக் கூழ் சோறு மட்டுமல்ல, சுவரும்கூட. குளோரின் அதற்குள் இறங்குவதற்குள் வலுவிழந்துவிடும். ஓடுகிற தண்ணீர் சுத்தமாக இருக்கும், கூழுக்கு அடியில், சாரலோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும் கிருமி சௌகரியமாக வளர்ந்துகொண்டிருக்கும். எங்கள் சாதாரணச் சோதனையில் அது தென்படவே படாது. இது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. ரசிக்கத்தக்க பாதியைச் சொல்லிவிட்டு மறுபாதியை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல்நாள் ஆலை முழுக்கக் கழுவல் நடந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பொங்கலுக்கு வீட்டைக் கழுவுகிற அதே வெறியோடு இங்கே இயந்திரங்களைக் கழுவுவார்கள். ஸ்பேனர்கூடச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்ளும். மறுநாள் பூஜைக்குப் பெரிய முதலாளி வருகிறார் என்பதால் மேலாளர் எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்தார். டவரின் பச்சை அவர் கண்ணில் பட்டது. சாயங்காலத்துக்குள் அது போயாக வேண்டும் என்றார்.

முறை வேறு. விசிறியை நிறுத்தி, குளோரினைக் கூடுதலாக ஊற்றி ஊறவிட்டு, தண்ணீரை வடித்து, சரியான முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்தோடு சுரண்ட வேண்டும். ஆனால் உற்பத்தி ஓடிக்கொண்டிருந்தது, விசிறியை நிறுத்த முடியாது என்றார்கள். பிரஷர் தண்ணீரை அடித்துப் பெயர்த்துவிடு என்று சூளகிரிக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார்.

“தண்ணி நல்லா இருக்குதுங்களா மேடம்? மேல ஏறலாமா?”

மேஜைமேல் அன்றைய தாள் கிடந்தது. அளவு சரியாக இருந்தது. அதற்கு மேல் பேசினால் மேலாளரோடு மல்லுக்கு நிற்க வேண்டும், பூஜை நேரத்தில் எல்லார் வாயிலும் விழ வேண்டும்.

“நல்லாத்தான் இருக்குண்ணே” என்றேன்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினார். மத்தியானம் முழுக்கப் பச்சைப் புகை போலச் சாரல் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேதான் அவர் நின்றார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள், டவர் புதிதுபோல நின்றது.

ஒரு வாரம் கழித்து, அவர் கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும் கிடப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. இதில் நான் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை: கேட்ட அந்த நிமிடமே புரிந்தது. ஆனால் டெங்கு காலம், அதுவாக இருக்கும் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் அன்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்ட வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் டவரைப் பற்றியும் சாரலைப் பற்றியும் சொன்னேன். கூழுக்கடியில் வளரும் அந்தக் கிருமியின் பெயர் லீஜியோனெல்லா என்பதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதுக்கு மருந்தே வேறம்மா. முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே.”

உடனே மருந்தை மாற்றினார். உள்ளே அண்ணன் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தார். பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். நான்கு நாள் கழித்து இறந்துபோனார். பீடி குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று மேலாளர் சொன்னார். நான் அன்றைய தாளில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரியம் முடிந்தபின் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பாய் விரித்து உட்காரவைத்து, காபி கொண்டுவந்து வைத்தார். கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது நீங்கள் ஒருத்தர்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கேட்டார்.

“நல்லா இருந்த மனுசனுக்கு எதனால வந்துச்சு மேடம்? டாக்டரு என்னமோ சொன்னாரு, எனக்கு வெளங்கல. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியுங்களா?”

“தெரியலைக்கா” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.